ஆ காட்டு

எட்டு மாதத்தில் என் தங்கை உலகத்தை வாயால்தான் படித்தாள். மலையிலிருந்து இறங்கி வரும் அம்மாவின் இடுப்பில் கட்டியிருக்கும் ஈரச் சாக்கு, தேயிலைச் செடி வெட்டும் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியின் மரப்பிடி, என் சிலேட்டின் சட்டம், வாசலில் நெளிந்த ஓர் அட்டை, எல்லாவற்றையும் ருசி பார்த்தாள். பிரஜாவுரிமைக்காக அப்பா நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தின் ஒரு மூலையையும் தின்றாள். அந்தக் காகிதத்தைப் பிற்பாடு அதிகாரிகள் படுத்திய பாட்டைப் பார்த்தால், அவள் செய்தது சிறிய சேதம்தான்.

ஒவ்வொரு முறையும் அம்மா அவளை மடியில் சாய்த்து, "ஆ காட்டு, ஆ காட்டுடி தங்கம்" என்று கெஞ்சுவாள். கொழுந்துக் கறை ஏறிய விரலை வாய்க்குள் விட்டு மெதுவாகத் துழாவி எடுப்பாள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா, "இப்பவே கொழுந்து மெல்றா, நாளைக்கே பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்துருங்க" என்று சிரிப்பாள்.

எனக்கு ஏழு வயது. சிலேட்டுக் குச்சியை மென்றால் முதுகில் ஓர் அடி விழும். அவளை வாயைத் திறக்கச் சொன்னார்கள். என்னை மூடச் சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மலையூற்று வந்து கொட்டும் பீலியில் துணி துவைக்கப் போயிருந்தாள். காவலுக்கு நான். தங்கை என் கழுத்தில் கிடந்த நீலக் கண்ணாடி மணிமாலையை எட்டி இழுத்தாள். ஹட்டன் தேர்த் திருவிழாவுக்குப் போனபோது அப்பா எனக்கென்றே வாங்கித் தந்தது. நூல் அறுந்து மணிகள் தரையெங்கும் ஓடின. ஒன்றை அவள் வாய்க்குப் போகிற வழியில் பிடுங்கிவிட்டேன். அதற்குள் வாசலில் அம்மாவின் காலடி கேட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மணியை என் வாயில் போட்டுக்கொண்டேன். இன்றைக்காவது என்னிடம் கேட்கட்டும்.

அம்மா தரையைப் பார்த்தாள். துணி வாளியைப் போட்டுவிட்டுத் தங்கையைத்தான் அள்ளினாள்.

"ஆ காட்டுடி... ஐயோ, ஒண்ணும் ஆப்புடலயே! ஏண்டி, பாப்பா முழுங்கிட்டாளா?"

தலையாட்டினேன். பொய் பேசினேன் என்று யாரும் சொல்ல முடியாது. நான் பேசவே இல்லை.

"தலகீழாப் புடிங்க! முதுகுல தட்டுங்க!" என்று பெரியம்மா கத்தினாள். தங்கை அழாமல் சிரித்தாள். அப்பா முதலில் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஓடினார். அவர் துண்டு எழுதித் தராமல் தோட்டத்து மருந்துச் சாலையில் யாரையும் பார்க்க மாட்டார்கள். உயிர் போகிற நேரத்திலும் துண்டு வாங்க மறக்காத சமூகம் எங்களுடையது. அவ்வளவு நேரமும் மணி என் நாக்கடியில் இருந்தது.

மருந்துச் சாலை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தங்கையின் தொண்டையைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீதானே கண்டனீ? மணி எவ்வளவு பெரிசு?"

பேசியாக வேண்டும். விழுங்கினேன்.

"கடல அளவுங்க."

என் தோளில் இருந்த அம்மாவின் கை சட்டென்று இறுகியது.

சாட்சியையும் சோதிக்க வேண்டும் என்று அந்த ஐயாவுக்குத் தோன்றவில்லை. "மூச்சு சுகமா வருகுது, பயப்பிடாதேங்கோ. வாழைப்பழம் குடுங்கோ. மலத்தை மூண்டு நாளைக்குப் பாருங்கோ" என்றார்.

லயமே பார்த்தது. என் தங்கையின் பீத்துணிக்குக் காத்திருந்த அளவு ஆட்கள், பிற்காலத்தில் என் பரீட்சை முடிவுகள் எதற்கும் காத்திருக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை நான் செய்ததெல்லாம் அவள் மதிப்பை உயர்த்தியிருந்தது.

ஆனால் ஓர் அதிசயமும் நடந்தது. அம்மா தங்கைக்கு ஒரு கரண்டிப் பழம் மசித்துக் கொடுத்துவிட்டு எனக்கு முழுப் பழம் உரித்துத் தந்தாள். "வயிறு நோகுதாடி?" என்று அடிக்கடி கேட்டாள். விடிந்ததும் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், லயத்துக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் என்னைக் காம்பராவுக்கு அனுப்பிவிட்டு அவள் அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே தங்கினாள். பிறகு பீலியில் வெகுநேரம் கை கழுவினாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று அவளுக்கு வேலை இல்லை.

"மணி கெடச்சிருச்சு" என்று பெரியம்மாவிடம் சொன்னாள்.

"அப்பாடா! மகராசி, பாப்பாவ முருகன்தான் காப்பாத்துனான்."

அம்மா காம்பராவுக்குள் வந்து, மடிக்கு அடங்காத என்னை இழுத்து மடியில் சாய்த்தாள்.

"ஆ காட்டு."

காட்டினேன். சவர்க்காரமும் கொழுந்தும் மணக்கும் விரல் என் வாய்க்குள் ஒரு சுற்று மெதுவாகத் துழாவியது. அங்கே எதுவும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் சொக்கிப்போய்க் கிடந்தேன். தங்கை எப்போது ஒரு மணியை விழுங்கினாள் என்பது மட்டும் எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.