மாஸ்டரின் ஊர் வழியே

என் மேசைமேல் விரித்துக் கிடந்த வரைபடத்தில் சாம்பிள் மாஸ்டர் ஒரு விரலை வைத்தார். ஊசி ஏறிக் கறுத்துப்போன நகம். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே, கடற்கரைச் சாலையோரம் இருந்த ஒரு சின்ன ஊரை அந்த நகம் மறைத்தது. "எங்க ஊரு வழியா மட்டும் வேண்டாம் சார். கிறிஸ்மஸ் கழிஞ்சு மவளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். மாப்ள வீடு ரோட்டு மேலயே இருக்கு" என்றார். செம்மணல் தேரிக்காட்டுக்குள் புகுந்து வெளியே வரும் இன்னொரு சாலை உண்டு. ஆறேழு கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். சைக்கிள் ரூட் போட்டவன் நான். ஒரு கோட்டை அழித்துவிட்டு இன்னொரு கோடு இழுக்க வேண்டும். பார்க்கலாம் மாஸ்டர் என்றேன். பார்க்கவில்லை.

அப்போது நான் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்பதை இங்கே செய்ய வைப்பதும், இங்கே செய்த தப்பை அவனிடம் மழுப்புவதும் என் வேலை. சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் இறுக்கமான கால்சட்டைக்கு ஓர் ஆர்டர் வருவதாக இருந்தது. சாம்பிளை ஒருவருக்குப் போட்டு, வெயிலிலும் உப்புக்காற்றிலும் மூன்று நாள் ஓட்ட வைத்து, உடம்பில் எங்கே உறுத்துகிறது, சாயம் போகிறதா என்று போட்டோவோடு அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். சாம்பிள் என்றால் மீடியம் சைஸில்தான் தைப்போம். எங்கள் கம்பெனியில் மீடியம் என்றால் சாம்பிள் தைக்கும் மாஸ்டர்தான். அளவெடுத்துச் செய்த உடம்பு. எந்தச் சாம்பிள் வந்தாலும் அவரைக் கூப்பிட்டு மாட்டிவிட்டு, முன்னால் திருப்பி, பின்னால் திருப்பிப் பார்ப்போம். ஐம்பதை நெருங்கிய மனிதர், கையை அகட்டிக்கொண்டு பொம்மை மாதிரி நிற்பார்.

முதலாளி சிரித்துக்கொண்டே முடிவு செய்தார். "ஏனுங்க மாஸ்டர், நீங்கதான் தெனமும் சைக்கிள்ல வேலைக்கு வர்றீங்களே. ஓட்டத் தெரிஞ்ச மீடியத்துக்கு நான் வேற எங்கீங்க போவேன்?" அறையில் எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் கால்சட்டையை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். தொடை இடுக்கில் தையல் கயிறு மாதிரி தடித்து நின்றது. தட்டையாகத் தைக்கும் ஃப்ளாட்லாக் மெஷின் வேறு அவசர ஆர்டரில் இருந்ததால் ஓவர்லாக்கில் தைக்கச் சொல்லியிருந்தார்கள். "இதோட ஓட்டுனா தோலு உரிஞ்சிரும் மொதலாளி." "மூணு நாளைக்குத் தாங்காதுங்களா?" என்றார் முதலாளி. பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் ஏன் ரூட்டை மாற்றவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு மீட்டிங்கில், நான் போட்ட அளவுப் பட்டியலில் அக்குள் அளவு அரை இஞ்ச் தப்பு என்று மாஸ்டர் டேப்பை வைத்துக் காட்டினார். சத்தம் போடவில்லை, கிண்டல் செய்யவில்லை. டேப்பை மட்டும் வைத்தார். முதலாளி என்னைப் பார்த்து, "படிச்ச கண்ணு, டேப்பப் புடிக்கத் தெரியலியே" என்றார். அந்த அரை இஞ்ச் எனக்குள் கிடந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சைக்கிளைக் கடற்கரை வரை வண்டியில் கொண்டுபோய் இறக்கி, முதல் நாள் திருச்செந்தூர் வரை போனோம். முதலாளி காரில் முன்னால், போட்டோ எடுப்பவர் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாஸ்டர் அதற்குப் பின்னால், நான் பைக்கில் கடைசியாக. அன்று மாலையே மாஸ்டர் காலை அகட்டி நடந்தார். எண்ணெய் வாங்கித் தடவிக்கொண்டார். மறுநாள் ஞாயிறு. இடது பக்கம் கடல், வலது பக்கம் பனையும் உடைமரமும், அதற்கு அப்பால் செம்மண் மேடாக எழும் தேரி. அந்தச் சாலை அழகானதுதான். காற்று தேரி மணலை அள்ளி ரோட்டில் போட்டிருந்தது. சக்கரம் வழுக்கும்போதெல்லாம் மாஸ்டர் சீட்டை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். வேர்வைக் கறை தெரிய வேண்டும் என்று வெளிர்சாம்பல் துணியில் தைத்திருந்தோம். அதில் ரத்தம் நன்றாகத் தெரிந்தது.

தேரிக்காட்டுக்குள் பிரியும் கிளை ரோடு வந்த இடத்தில் அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நேராகக் கையைக் காட்டினேன்.

சர்ச்சில் பூசை முடிந்து ஊரே ரோட்டில் நின்றது. மாஸ்டர் வருடம் ஒருமுறை இஸ்திரி போட்ட பேண்ட் சட்டையோடு, பை நிறையப் பனியனோடு அந்த ஊருக்குப் போகிறவர். திருப்பூரில் அவர் மேனேஜர் என்று அங்கே பேச்சு. அவர் சொன்னதோ, அவர்களே சொல்லிக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. "ஏல, நம்ம மேனேஜருல்லா!" என்று ஒரு குரல் கேட்டது. "மேனேஜரே, பேண்ட்ட எங்கல களத்திப் போட்ட?" என்றது இன்னொன்று. பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியில் நின்றிருந்த பெரியவர், மாஸ்டரின் கால்சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. காரிலிருந்து முதலாளி கத்தினார்: "மாஸ்டர், நிக்காதீங்க! போட்டோல கடல் நல்லா விழுகுது! கொஞ்சம் சிரிங்க!"

மாஸ்டர் சிரித்தார்.

ஊரைத் தாண்டியதும் உடைமர நிழலில் இறங்கி, ஒரு கைலி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். இன்னொரு நாள் பாக்கி இருக்கிறது என்றேன். மறுபடி ஏறி ஓட்டினார். திருப்பூர் திரும்பிய வாரமே மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மொதலாளி காருக்குப் பின்னால் ஜட்டியோடு ஓடுகிறவன் வீட்டில் சம்பந்தமா என்று கேட்டார்களாம். மாஸ்டர் யாரிடமும் சண்டை போடவில்லை. கத்திரியையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். நான் அறிக்கை எழுதினேன். உறுத்தல் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். போட்டோவில் ரத்தத்தைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள், கழுத்துக்கு மேலே வெட்டினார்கள். ஆர்டர் வந்தது. அதே தையலோடு சரக்குப் போனது.

இப்போது திருப்பூரில் ஞாயிறு காலையில் பாதிக் கம்பெனிக்காரர்கள் சைக்கிளில்தான் திரிகிறார்கள். நானும் திரிகிறேன். ரூட் போடுவதில் எனக்குப் பெயர் வேறு. கடலும் காடுமாக நான் போட்ட அந்தப் பழைய ரூட்டைப் போனில் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் புகழ்கிறார்கள். அதில் மாஸ்டரின் ஊர் தண்ணீர் குடிக்க நிற்கும் இடம்.

போன மாதம் திருமுருகன்பூண்டியில், சிலை கொத்தும் பட்டறைகளுக்கு எதிரே ஒரு டீக்கடையில் சைக்கிள் கால்சட்டையோடு நின்றேன். மாஸ்டர் தூக்குச்சட்டி தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டதும் அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை. என் தொடையில், தையலில் நின்றது. "ஃப்ளாட்லாக். நல்லாத் தச்சிருக்கான்" என்றார். மகளைப் பற்றிக் கேட்டேன். "இங்கதான் ஒரு பனியன் கம்பெனில செக்கிங் போறா. இன்னும் ஒண்ணும் அமையல" என்றார். டீயைப் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்:

"சார், அந்தத் தையலு உறுத்துதுன்னு அன்னைக்கு எளுதுனீங்கல்லா?"

"எழுதினேன் மாஸ்டர்."

"அது போதும். வேற எவனுக்கும் தோலு உரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.