ஐந்து கோழிகளின் சாறு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என் பாலாடைக்கட்டிக் கடைக்குப் பக்கத்தில் ஹெர்மீலாவின் மேசை. அதன்மேல் ஒரு தட்டு, ஒரு கரண்டி. குழந்தைகளை எடைபோட, கம்பத்தில் தொங்கும் முள்தராசுத் தொட்டில் ஒன்று. சாப்பாட்டைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று சுகாதார நிலையம் அட்டை மாட்டியிருக்கிறது. எங்கள் மலைக்காரர்களுக்குக் கேட்கச் சொல்லித்தர வேண்டுமா? பத்தொன்பது வருஷமாக ஓயாமல் கேட்கிறார்கள்.

"டாக்டரம்மா, பேச்சு வர்றதுக்கு முன்னாடி முட்டை குடுத்தா புள்ள ஊமையாயிடுமாமே?"

"யாரு, உன் மாமியார் சொன்னாங்களா? அவங்க திங்காத முட்டையா? வாய் மூடியிருக்கா? தினம் ஒண்ணு குடு."

"எம் புருஷனுக்குத் தொப்பை இறங்கவே மாட்டேங்குது."

"பீரை நிறுத்தச் சொல்லு."

"புருஷனையே நிறுத்திடலாம் டாக்டரம்மா, பீரை முடியாது."

அவள் டாக்டர் இல்லை, சுகாதார நிலையத்தின் சத்துணவுப் பணியாளர். முதல் வருஷம் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கடற்கரை ஊரில் பிறந்தவள். இருபத்தாறு வயதில் இந்த உயரத்துக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு, அவன் விட்டுப் போன பிறகும் இறங்கிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டாள்.

முன்பெல்லாம் இப்படிக் கேட்டவுடன் பதில் வரும். இப்போது அவளிடம் எதைக் கேட்டாலும் உடனே வராது. யார் சமைக்கிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள், குழந்தையின் தட்டில் கடைசியில் என்ன விழுகிறது என்று குடைவாள். "போலீஸ்கூட இவ்வளவு கேக்க மாட்டான்" என்று ஜனங்கள் கேலி செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. காரணம் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன், எங்கள் பக்கம் குளிர்காலமான, உறைபனி விழும் ஜூன் மாதம். மூன்று மணி நேரம் மேலே ஏற வேண்டிய புக்காகாசா கிராமத்திலிருந்து விசென்ட்டா வந்தாள். முதுகு மூட்டையில் பதினொரு மாதக் குழந்தை நெலி. தொட்டிலில் போட்டால் முள் அசையவே யோசித்தது.

"என்ன குடுத்தா தேறுவா டாக்டரம்மா?"

வரிசை நீளமாக இருந்தது. "கோழி சூப் வெச்சு மூணு வேளையும் குடு. அடுத்தது யாரு?"

ஹெர்மீலா ஊரில் சூப் என்றால் கறி, கிழங்கு எல்லாம் கிண்ணத்தில் கிடக்கும். எங்கள் வழக்கம் வேறு. கோழியின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பது எங்கள் கணக்கு. அதனால் சாறு குழந்தைக்கு. மிஞ்சிய வெறும் கறி மண்வெட்டி பிடிப்பவனுக்கு. என் பிள்ளைகள் நாலு பேரையும் அப்படித்தான் வளர்த்தேன். அன்று பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டேன். நல்ல யோசனை என்று விசென்ட்டாவைப் பார்த்துத் தலையும் ஆட்டினேன்.

நாலு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள், கறுப்புப் பாவாடையில். ஹெர்மீலாவுக்கு ஒரு பை உருளைக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேன் டாக்டரம்மா. அஞ்சு கோழி அறுத்தேன். ஒரு வேளை தவறல. சாமிக்குத்தான் அவ வேணும்னு இருந்திருக்கு. சளி வந்துச்சு, ரெண்டே நாள்."

"கறிய என்ன பண்ணின?"

"நாங்கதான் தின்னோம். சத்தெல்லாம் அவளுக்குக் குடுத்துட்டேனே."

ஹெர்மீலா கிழங்கை வாங்கிக்கொண்டாள். விசென்ட்டா அதன்பின் சந்தைக்கே வரவில்லை. விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று ஹெர்மீலா இரண்டு முறை புக்காகாசாவுக்குக் கிளம்பி, பாதி வழியில் ஓடையைத் தாண்டாமல் திரும்பினாள்.

அன்றிலிருந்து அவள் கோழி தொடுவதில்லை. ஆளில்லாத தொட்டிலை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஒல்கா, முள்ளு நகருது பாரு."

"காத்துடி."

"காத்துக்கு எடை உண்டா?"

முள் நகர்வது என் கண்ணுக்கும் தெரியும் என்று அவளிடம் சொன்னதில்லை.

இந்த மே மாதம் விசென்ட்டா வந்தாள். முதுகில் ஏழு மாதப் பையன்.

"இவனுக்குச் சாப்பாடு ஆரம்பிக்கணும் டாக்டரம்மா. கோழி ரெண்டு இருக்கு. அப்ப மாதிரியே சாறு வெச்சுக் குடுக்கட்டுமா?"

என் கத்தி பாலாடைக்கட்டியின் நடுவில் நின்றது. உள்ளதைச் சொன்னால் நெலி எப்படிப் போனாள் என்று இவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவனும் போவான். மழுப்பிவிடடி பாவி, கறி கொடு என்று மட்டும் சொல் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஆனால் விசென்ட்டா முட்டாள் இல்லை.

"சாறு வேணாம்" என்றாள் ஹெர்மீலா. "அது வெறும் தண்ணி. சத்து கறியிலதான் இருக்கு. அதை நசுக்கி, கரண்டியைச் சாய்ச்சாலும் விழாத மாதிரி கெட்டியாக் குடு."

விசென்ட்டா கரண்டியைப் பார்த்தாள்.

"அப்ப நெலி?"

"பசியில போனா. எப்படிக் குடுப்பேன்னு நான் உன்னைக் கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது விசென்ட்டா. உன்னோடது இல்ல."

என்னுடையதும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கத்தியைத் துடைத்தேன்.

"அவ அப்பன் தட்டுல இருக்கற கறிக்குக் கைய நீட்டுவா" என்றாள் விசென்ட்டா, யாரையும் பார்க்காமல். "தினமும் நீட்டுவா. உனக்குத்தான் சத்து குடுத்தாச்சேடின்னு கையில அடிச்சேன்."

பிறகு பையனை அவிழ்த்துத் தானே தொட்டிலில் போட்டாள். ஹெர்மீலா பேனாவை எடுத்தாள். இரண்டு பேரும் முள்ளைப் பார்த்தபடியே நின்றார்கள். இரண்டு பேருக்கும் கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய் எடையை உரக்க வாசித்தேன். ஆறு கிலோ எண்ணூறு.