படிக்கட்டில் பதித்த பித்தளைக் குமிழ்

துறைமுக அலுவலகத்தில் அவருக்குப் பூஜ்ஜியம் என்று பெயர். வேலை செய்யாதவர் என்பதால் அல்ல. அந்தப் பொருளில் அந்தப் பட்டத்துக்கு அங்கே போட்டி அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை அவர் செய்யும் ஒரு சோதனைக்கு விடை எப்போதும் பூஜ்ஜியமாகவே வரும். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். நான்காம் ஆண்டும் பூஜ்ஜியம் வந்தபோது கேலியில் கொஞ்சம் மரியாதை கலந்தது. எட்டாம் ஆண்டு ஒரு கேடயமே கொடுத்துவிட்டார்கள்.

கடல்மட்டம் பார்ப்பது அவர் வேலை. படகுத்துறையின் கடைசித் தூணில் ஓர் அளவுப்பலகை அடித்திருக்கிறது. நாளுக்கு நான்கு முறை அங்கே நடந்து போய், அலை ஏறும்போது ஓர் எண், இறங்கும்போது ஓர் எண் என்று பத்து அலைகளைப் பார்த்து, நடுவை எடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பென்றால் சிவப்பு மையில் ஒரே கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து. கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிய வேண்டும். தப்பு செய்யலாம், செய்யாதது போல் இருக்கத்தான் கூடாது. அலுவலகத்தின் மற்ற கோப்புகளுக்கு இந்தச் சட்டம் ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை.

பலகை நகர்ந்துவிட்டால் கடல் ஏறியதா பலகை இறங்கியதா என்று தெரியாமல் போய்விடும். படகு இடிக்கலாம், ஆணி தளரலாம். அதனால் அலுவலகத்தின் முதல் படியில் ஒரு பித்தளைக் குமிழைப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முக்காலியில் மட்டம் பார்க்கும் கருவியை ஏற்றி, குமிழுக்கும் பலகைக்கும் எத்தனை உயர வித்தியாசம் என்று அளப்பார். முதல் ஆண்டு வந்த அதே எண் பதினோரு ஆண்டும் வந்தது. மாற்றம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டுக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

நாற்பத்து மூன்று வயதில் அவர் படிக்கப் போனார். அலுவலகத் தலைவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதி. இருபது ஆண்டு செருப்பில் ஏறிய உப்பை எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுக்காது. கடல், காற்று, மண் மூன்றையும் சேர்த்துச் சொல்லித் தரும் பகுதிநேர வகுப்பில் சேர்ந்தார். பக்கத்து இருக்கை மாணவன் கணினிக்குள் புயலை உண்டாக்கத் தெரிந்தவன். படகில் ஏறினால் வாந்தி எடுப்பான். இவருக்குப் படகு பிரச்சினை இல்லை, கணினிதான் குமட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே தேறினார்கள்.

ஆய்வுக்கு அவர் எடுத்தது தன் பதிவேட்டையே. பதினோரு ஆண்டு எண்களைக் கோடாக இழுத்தபோது கடல் ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. பக்கத்துத் துறைமுகங்களில் இரண்டு, இரண்டரைதான். பேராசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஊர் மூழ்குவதைப் பற்றி நிதானமாகப் பேசும் மனிதர், தன் மாணவியின் வரைபடத்தில் மூழ்கும்போது மட்டும் அவர் குரலில் ஒரு குதூகலம். ஒரு கருத்தரங்கில் அந்த எட்டை அறிவித்தும் விட்டார். அதெப்படி சார் நம்ம கடல் மட்டும் மூணு மடங்கு ஏறுது என்று இவர் கேட்டதற்கு, அதுதானே கண்டுபிடிப்பு என்றார். அளவுப்பலகையைச் சந்தேகப்பட வழியில்லை, பதினோரு பூஜ்ஜியம் காவலுக்கு நின்றது. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தது.

இங்கே வீட்டு வாசல்கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குப் பின்னாலேயே அவருடைய குடியிருப்பு. கணவர் தச்சர். ஊரில் பாதிக் கதவுகள் அவர் கையால் மாட்டியவை, சொந்த வாசல்கதவு மட்டும் அடைக்காது. நிலையில் இடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி இழைப்பார், கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், மறுபடி இடிக்கும். கணவரின் தங்கை எப்போது வந்தாலும் கதவைத் தோளால் தள்ளி உள்ளே விழுந்து, அண்ணி, உங்க வீட்டுக்குள்ள வர மனு ஏதாவது போடணுமா என்று கேட்பாள். கடல்காற்று, ஈரப்பதம், மரம் ஊதுகிறது என்று அண்ணி விளக்குவார். காற்றின் ஈரப்பதத்தைப் பற்றி அவர் ஒரு தேர்வே எழுதித் தொண்ணூறு வாங்கியிருந்ததால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் கதவைக் கழற்றி இரண்டு முக்காலிமேல் கிடத்தியிருந்தார். ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, வழக்கமாகக் கண்ணுக்கு எட்டாத கதவின் மேல்விளிம்பைப் பார்த்தார். அதில் வரிசையாகப் பென்சில் எழுத்து. தேதி, பக்கத்தில் ஓர் எண். தேதி, ஓர் எண்.

"இது என்னங்க?"

"எப்ப இழைச்சேன், எவ்வளவு எடுத்தேன்னு. எழுதி வைக்கலைன்னா எவ்வளவு மரம் மிச்சம்னு எப்படித் தெரியும்?"

"வெயில் காலத்துலகூட இழைச்சிருக்கீங்க."

"இடிச்சா இழைக்க வேண்டியதுதான்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஈரத்துல ஊதுதுன்னு நீ சொல்ற. சரி. ஊதினா எல்லாப் பக்கமும் ஊதணும். இது எப்பவும் ஒரே மூலைலதான் இடிக்குது. கதவுல ஒண்ணும் இல்லம்மா. நிலைதான் சாயுது."

"இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"நீதான் தொண்ணூறு வாங்கினியே."

அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே போய் நின்றார். அவர் காலுக்கு நேர் கீழேதான் பழைய கரை இருந்தது. சமையலறை பழைய தரையில் நிற்கிறது. கூடம், வாசல், அதைத் தாண்டி அலுவலகம், படகுத்துறை எல்லாம் கடலில் மண் கொட்டி நிரப்பிய நிலத்தில். கூடம் இறங்குகிறதென்றால் அலுவலகமும் இறங்குகிறது. படிக்கட்டும், படியில் பதித்த குமிழும், தூணும், தூணில் அடித்த பலகையும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக இறங்கியிருக்கின்றன. இறங்கும் ஒன்றை அதோடு சேர்ந்து இறங்கும் இன்னொன்றால் பதினோரு ஆண்டு அளந்திருக்கிறார். வித்தியாசம் வராது. பூஜ்ஜியம் எத்தனை சுத்தமோ தப்பும் அத்தனை சுத்தம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே இடம் இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, குன்றின்மேல் கைவிட்ட கலங்கரை விளக்கத்தின் அடியில், பாறையிலேயே வெட்டிய ஒரு குறி. பதினோரு ஆண்டுக்கு முன் படகுத்துறை கட்டியபோது அதிலிருந்துதான் குமிழின் உயரத்தை எடுத்தார்கள் என்று கோப்பில் இருந்தது. அதன்பின் அத்தனை தூரம் யாரும் நடக்கவில்லை. பக்கத்திலேயே குமிழ் இருக்கும்போது எதற்கு? அடுத்த ஞாயிறு கணவர் அளவுக்கம்பத்தைப் பிடிக்க, இவர் கருவியை நகர்த்தி நகர்த்தி முப்பத்து மூன்று இடத்தில் நிறுத்திக் குன்றேறினார். அதே வழியில் அளந்துகொண்டே இறங்கினார். வழியில் எப்போ ரோடு போடறீங்க என்று ஆறு பேர் கேட்டார்கள். கணவர் எல்லாருக்கும் வெவ்வேறு மாதம் சொன்னார்.

குமிழ் அறுபத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

"அப்ப கடல் ஏறலையா?" என்றார் கணவர்.

"ஏறுது. பக்கத்து ஊர் அளவுக்குத்தான். மீதி நாம இறங்கினது."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஆய்வேடும் இந்த அறுபத்தொன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. திருத்தி எழுத ஐந்து மாதம் ஆகும். நாற்காலி அதுவரை காத்திருக்காது. அவருக்குக் கீழே வேலை பார்க்கும், அலுவலகத்தில் தொப்பி என்று கூப்பிடும் பையனிடம் முதுகலைப் பட்டம் ஏற்கெனவே இருந்தது. மறுபக்கம், குன்றேறி எதை அளந்தார் என்பது கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. குமிழைக் கேட்டால் பூஜ்ஜியம் என்றுதான் சொல்லும். இதையெல்லாம் அவர் கணவரிடம் மெதுவாகச் சொன்னார். ஆலோசனை கேட்பது போலத்தான் இருந்தது; உண்மையில் சம்மதம் கேட்டார். எதற்குச் சம்மதம் என்பது அவருக்கே தெளிவில்லை.

கணவர் கதவைப் பார்த்தார். "நான் வேணா நல்லா ஆழமா இழைச்சு மாட்டிடறேன். உங்க தலைவர் பதவி முடியறவரைக்கும் இடிக்காது."

கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. அரைமணி நேரம் இருந்தது. பிறகு ஆய்வேட்டின் தலைப்பைச் சிவப்பு மையால் அடித்தார், ஒரே கோடு.

பேராசிரியர் எண்களை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். அவரும் ஓர் அரங்கம் நிறைந்த மனிதர்கள்முன் எட்டு என்று சொல்லிவிட்டவர். கடைசியில், இதைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடலாமே என்றார்.

"பின்னிணைப்பு சரின்னா புத்தகம் தப்பு, சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கருத்தரங்கத்துக்குத் தானே கடிதம் எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார், கதவையெல்லாம் ஆய்வேட்டில் ஏற்ற முடியாது என்று. இவர் ஏற்றினார். ஏழாம் அட்டவணை: ஒரு கதவின் மூலையில் இழைத்தெடுத்த மரம், ஆண்டுவாரியாக, தோராயம். தேர்வாளர்கள் இருவரும் மற்ற ஆறு அட்டவணைகளை விட்டுவிட்டு அதையே கேட்டார்களாம்.

அதற்கு முன்பே பதிவேட்டைத் திருத்தும் வேலை இருந்தது. பதினோராவது பூஜ்ஜியத்தைக் கோடிட்டு மேலே அறுபத்தொன்று எழுதிவிட்டார். மற்ற பத்துக்கு எழுத எண் இல்லை. எந்த ஆண்டில் எவ்வளவு இறங்கியதென்று குமிழ் சொல்லாது, பென்சில் தோராயத்தை அரசாங்கப் பதிவேடு ஏற்காது. யோசித்து, பத்துப் பூஜ்ஜியத்தையும் கோடிட்டு, ஒவ்வொன்றின் மேலும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்தில் நின்ற தொப்பிக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் பாதிக்கு முக்காலியைத் தூக்கியவன் தான்தானே, தானும் ஒரு கையெழுத்துப் போடட்டுமா என்றான்.

"முக்காலி தூக்கினவனுக்கெல்லாம் கையெழுத்து கிடையாது. போய் வேலையப் பாரு."

தெரியாது என்ற சொல் அந்த அலுவலகத்தில் வாயால் அன்றாடம் சொல்லப்படுவதுதான். கையெழுத்தோடு, பத்துமுறை, எழுத்தில் வந்தது அதுவே முதல் தடவை.

நாற்காலி தொப்பிக்குப் போனது. அவன் போட்ட முதல் உத்தரவு, இனி ஆண்டுச் சோதனை குன்றுப்பாறையிலிருந்து நடக்க வேண்டும் என்பது. இரண்டாவது, அதைச் செய்யத் தகுதியானவர் யார் என்பது. பட்டம் வாங்கிய கையோடு அவர் முக்காலியைச் சுமந்து குன்றேறினார்.

போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு. இரண்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் பொருந்தவில்லை. புதிய தலைவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, மூணு வந்திருக்கே?"

"அவ்வளவு தூரம் நடந்தா வரும்."

பிழை மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார், வழக்கமான அளவில். பெயர் மட்டும் மாறவில்லை, இன்றும் பூஜ்ஜியம்தான். வாசல்கதவைக் கணவர் இழைப்பதை நிறுத்திவிட்டார். எங்கே இடிக்கிறதோ அங்கே தேதி போட்டுக் கோடு மட்டும் கிழிக்கிறார். வீட்டுக்குள் எல்லாரும் சமையலறை வழியாகத்தான் போய்வருகிறார்கள்.