ஷட்டர் சாவியும் சித்தப்பாவும்

எங்கள் குடும்பத்து ஃபைனான்சுக்கு இன்று நான்கு ஊர்களில் கிளை, கண்ணாடிக் கதவு, ஏசி. அதன் வரலாற்றை மலராக அச்சடித்தபோது, சோமனூர்த் தறிக்கூடத்து முன்னறையில் தாத்தா தொடங்கியதிலிருந்து எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒரு நாள் காலை நான் அதை இழுத்து மூட இருந்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்போது எனக்கு ஏழு வயது. அவிநாசித் தேருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்த பெரியப்பா, அன்று காலை, "ஃபைனான்சைத் தொறக்கோணும் கண்ணு, அடுத்த வருசம் போலாம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷட்டர் சாவி எங்கள் வீட்டில் வெளியாள் கைக்குப் போகாது. தினமும் சாமி மாடத்திலிருந்து பெரியம்மாதான் எடுத்துக் கொடுப்பார். அன்று அவருக்கு முன்னால் நான் எடுத்து கவுன் பையில் போட்டுக்கொண்டேன். மாற்றுச் சாவி பத்திரமாகத்தான் இருந்தது, ஃபைனான்ஸ் பெட்டகத்துக்குள்.

ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறவில்லை. ஒன்பதரைக்குள், எங்களிடம் பணம் போட்டிருந்த பனியன் கம்பெனி ஆட்கள் தெருவை அடைத்துவிட்டார்கள். போன மாதம்தான் பக்கத்து ஊரில் ஒரு ஃபைனான்ஸ்காரர் குடும்பத்தோடு கம்பி நீட்டியிருந்தார். சாவியைக் காணோம் என்றால் யார் நம்புவார்கள்? பெரியப்பா சித்தப்பாவைப் பூட்டுக்காரரிடம் விரட்டினார். பிறகு, "மத்தவங்க எல்லாம் வண்டீல ஏறுங்க" என்றார்.

அப்பா, அம்மா, பெரியம்மா, அத்தை, குழந்தைகள் ஐந்து பேர், எல்லோரும் போய் ஃபைனான்ஸ் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு ரோஸ்மில்க் வேறு கிடைத்தது. தேருக்குப் போகாத குறையே தீர்ந்துவிட்டது. அத்தனை பேரும் எங்களையே பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வேலம்பாளையத்தில் டெய்லராக இருந்த திருநெல்வேலி அக்கா ஒருவர் எங்களை விரல்விட்டு எண்ணினார். மகள் கல்யாணத்துக்கு அவர் சேர்த்ததெல்லாம் உள்ளே இருந்தது. என்னிடம் குனிந்து, "எல்லாரும் வந்தாச்சா பிள்ள?" என்று கேட்டார்.

"சித்தப்பா மட்டும் வரலீங்க" என்றேன், மேலுதட்டில் மீசை மாதிரி ஒட்டிய ரோஸ்மில்க்கைத் துடைத்துக்கொண்டே.

கூட்டம் கொதித்தது. யாரோ ஷட்டரை உதைத்தார். பெரியப்பாவின் சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. "தம்பி பூட்டுக்காரரைக் கூப்படப் போயிருக்கறானுங்க, இப்ப வந்துருவானுங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பத்து மணிக்கு சித்தப்பா பூட்டுக்காரரை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அக்கா அழுதேவிட்டார். யாரோ விசிலடித்தார். ஷட்டர் இன்னும் திறந்தபாடில்லை, ஆனாலும் பாதிப் பேர் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாவி என் பையில் இருக்கிறது, சித்தப்பா வெறுங்கையோடு வந்து நிற்கிறார், அவருக்குப் போய் விசிலா? அவர்கள் அவ்வளவு நேரம் காத்திருந்தது ஷட்டருக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.