படத்தில் மறைத்த நெல்லிமரம்

போன வாரம் கலா கடைக்கு வந்திருந்தார். கார் நிக்கோபார் தீவில் நர்ஸ். லீவு கிடைத்து, கப்பல் ஏறி, இங்கே அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. என்னைத்தான் தேடி வந்திருக்கிறார் என்று தெரிந்ததுமே கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

ஏன்? சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெயின்ட் கடையில். வீட்டை போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் கலர் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாம் லேயர் லேயராக — கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதுபோல. சுவர் ஒரு தாளில், ஜன்னல் ஒரு தாளில். வேண்டாததை மறைத்துவிடலாம். மறுபடி வேண்டுமா? ஒரு தட்டு. வந்துவிடும்!

மூன்று மாதம் முன்பு கலாவின் கணவர் செல்வம் வந்தார். மனைவி லீவில் வருவதற்குள் வீட்டுக்கு பெயின்ட் அடித்து அசத்த வேண்டுமாம். நானே ஃபெர்ரியில் போய் போட்டோ எடுத்து வந்தேன். முன்சுவரில் பாதியை ஒரு நெல்லிமரம் மறைத்துக்கொண்டிருந்தது. கலர் தெரிய வேண்டுமே... மரத்தைத் தனி லேயரில் வைத்து மறைத்தேன். பின்னால் இருக்கும் சுவரை நானே நிரப்பினேன். அதன் மேல் இளம் மஞ்சள்.

செல்வம் ஸ்கிரீனைப் பார்த்தார். இந்தி கலந்துதான் பேசுவார்; தீதி என்றால் அக்கா.

"அரே வா! வீடு ஏக்தம் பெருசாத் தெரியுதே, தீதி!"

"மஞ்சள் கலர்ல அப்படித்தான் தம்பி..." என்று இழுத்தேன்.

"கலர் இல்ல தீதி. மரம் இல்ல பாருங்க, அதான்! இவ்ளோ நாளா வீட்டை அமுக்கி வச்சிருந்திருக்கு. டீக் ஹை, எனக்கு இதே மாதிரி வேணும்."

இதே மாதிரி என்றால்? கலர் மட்டுமா? கேட்டிருக்கலாம். 'காட்டுவதற்காகத்தான் மறைத்தேன் தம்பி, வெட்டிவிடாதீர்கள்' — ஒரே ஒரு வரி. தொண்டை வரை வந்தது. ஆனால் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டு மரத்தைப் பற்றிப் பேச நான் யார்?

சிரித்து வைத்தேன். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். மரத்தை வெட்டியே விட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்; வெட்ட வந்தவர்களிடம் அந்த பிரின்டைத்தான் காட்டினாராம்.

"அக்கா, அந்தப் படம் நீங்க போட்டதுதானா?" என்றார் போன வாரம் வந்த கலா.

தலையை ஆட்டினேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"மெயின்லேண்ட்லருந்து சின்னக் கன்னுச்செடியா கொண்டு வந்தது அக்கா. கப்பல்ல மூணு நாளும் எனக்கு வாந்தி. ஆனா அதுக்குத் தண்ணி ஊத்த மறக்கல. போன வருஷம்தான் முதல் தடவையா காய்ச்சுது. இந்தத் தடவை, வீடு மாறி வந்துட்டோமோன்னு கேட்டுலயே நின்னுட்டேன்."

"தம்பி என்ன சொன்னாரு?"

"'சர்ப்ரைஸ் எப்படி?'ன்னாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, சாப்பாடுகூடக் கேக்காம வெளிய போயிட்டாரு."

கைப்பையிலிருந்து போனை எடுத்தார். பிறகு, "பழைய போட்டோ இருக்குமா அக்கா? மரத்தோட? என் போன் பூரா தேடிட்டேன். எல்லாத்துலயும் பிள்ளைங்க மூஞ்சிதான் இருக்கு."

இருந்தது. ஃபைலைத் திறந்து அந்த லேயரைத் தட்டினேன். மரம் வந்தது... பாதி மரம். மாடியில்லாத வீடு, சுவர் வரை எடுத்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறேன். கூரைக்கு மேலே இருந்த கிளை ஒன்றுகூட போட்டோவில் இல்லை.

"காயெல்லாம் மேலதான் இருந்துச்சு," என்றார் கலா. "பரவால்ல, இதையே குடுங்க."

'தப்பு என்னுடையதும்தான்' என்று அப்போதாவது சொன்னேனா? கவர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்!

நேரில் வராத வார்த்தையை இங்கே எழுதுகிறேன். கலா, என்னை மன்னித்துவிடுங்கள்.

இப்போது மரத்தை மறைத்து நான் கொடுக்கும் ஒவ்வொரு பிரின்டின் கீழும் ஒரு வரி சேர்க்கிறேன்: 'மரத்தை மறைத்தது நான்தான், வீட்டில் அது இருக்கட்டும்.'

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை — பரவாயில்லை, அந்த வரியை மட்டும் மறைப்பதாக இல்லை.