அவர் மறைத்த அஸ்பிரின்

ஆவணி மாதம் இதே சபையில் நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். என் கணவர் யோசேப்பின் தலைவலியை ஆண்டவர் ஜெபத்தாலேயே சுகமாக்கினார், ஒரு குளிசைகூடப் போடவில்லை என்றேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

கார்த்திகையில், துறைமுகத்தடியில் படகு இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேன் எடுத்தால், மூளையில் கட்டி. கொழும்புக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் கட்டிக்கு நிறைய இரத்தம் போகிறது, வெட்டும்போது இரத்தப்பெருக்கை அடக்குவதுதான் பெரிய பாடு என்றார் டொக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகள் இரண்டும் சாம்பல்தீவில் என் தங்கையிடம்.

இரத்தத்தை இளக்கும் மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா? ஒரு குளிசையும் இல்லை, எங்களுக்கு ஜெபம்தான் மருந்து என்றேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், கட்டிலடியில் முழங்காலில் நின்று, ஆண்டவரே, இவருடைய இரத்தம் வீணாய்ப் போகக்கூடாது என்று அழுதேன். ஆமென் சொல்ல முன்னமே இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ராணி, தலைவலிக்கு நான் ஒவ்வொரு நாளும் அஸ்பிரின் போட்டனான். இண்டைக்குக் காலமையும் போட்டனான். நீ சபையில சாட்சி சொல்லிப்போட்டாய். உன்னைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரேல்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு அதைவிடக் கேவலமான ஒரு நினைப்பு: சொல்லாமல் விட்டால் என்ன? ஊருக்குத் தெரியவராதே. டொக்டரின் அறை வாசலில் நின்றும் கை கதவைத் தட்டவில்லை. கதவிடுக்கால் பார்த்தால், அவர் வீட்டுக்குப் புறப்படக் கைப்பையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் விளங்கியது. நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் இவருடைய வாயால் வந்துவிட்டது. நான்தான் அதை வாசலில் மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. கைப்பையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நல்ல வேளை சொன்னீங்கள். நாளைக்கு வெட்டியிருந்தா, இரத்தத்தை நிப்பாட்ட ஏலாமப் போயிருக்கும்."

அஸ்பிரினின் வேகம் இரத்தத்தில் இறங்கும்வரை ஒப்பரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் இன்னொரு வலிப்பு வந்துவிடுமோ என்று இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். கடைசியில், தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போன இரத்தக்குழாயை முதலில் அடைத்தார்கள். மறுநாள் கட்டியை எடுத்தார்கள். ஆயத்தமாக வைத்திருந்த இரத்தத்தில் ஒரு பைகூடத் தேவைப்படவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. போனது என் பெருமை மட்டும்தான்.

ஆண்டவர் கேட்டதைத் தந்தார். டொக்டரின் கையாலும் தந்தார், நான் வெட்கப்பட்ட உண்மையாலும் தந்தார். நீங்களும் அவரை நம்புங்கள். ஆனால் வருத்தத்தையும் மருந்தையும் மறைத்து அவருடைய பெயரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அவருக்கு அந்த உதவி தேவையில்லை.

இவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். இன்று காலை தலை கொஞ்சம் வலித்ததாம். குசினியில் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் தானாகவே வந்து சொன்னார். அப்படிச் சொன்னதற்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.