ஏலத்தில் யாரும் கேட்காத வில்

சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் முதலில் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நன்றி எனக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் போன வருடம் பல மாதங்கள் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அந்த மாதங்களை ஒளித்துவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் அது பொய்ச் சாட்சி. அதனால் வலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தாறு. குடவாசல் பக்கத்துக் கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான் பத்தொன்பது வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். காலையில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பேன். அப்புறம் மத்தியானம் வரை மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடப்பேன். கைக்குழந்தையானாலும் கிழவியானாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வில் என் கைக்கு வந்தது தற்செயல்தான். என் மகள் ஜெனிக்கு வில் பழக ஆசை. கும்பகோணத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நாலாவது வாரமே அவளுக்குக் கை வலிக்கிறது, வெயில் அடிக்கிறது, கொசு கடிக்கிறது. வகுப்பைவிட்டு நின்றுவிட்டாள். பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "சும்மாதானம்மா உக்காந்திருந்தீங்க இத்தனை நாளா, நீங்க ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்" என்றார். இழுத்தேன். அன்று பிடித்ததுதான். அம்பு போய் இலக்கில் குத்துகிற அந்தச் சத்தம் காதில் விழுந்தால், காலையில் பார்த்த மோசமான ரிப்போர்ட், சிங்கப்பூரிலிருந்து வராத போன், எல்லாம் மறந்துபோகும். போட்டிக்கெல்லாம் நான் போகவில்லை. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கு என்று இருந்தது, அவ்வளவுதான்.

இருபது பவுண்டு வில்லில் பழகினேன்; நாணை இழுக்க வேண்டிய பலத்தைப் பவுண்டில்தான் சொல்வார்கள். ஒரு வருடம் ஆனதும் அது சிறுபிள்ளைச் சாமானாகத் தெரிந்தது. வகுப்பைவிட்டுப் போன ஒருவர் தன் வில்லை விற்றார். முப்பத்தெட்டு பவுண்டு. "அவசரப்படாதீங்கம்மா, நடுவுல ரெண்டு படி இருக்கு" என்று பயிற்சியாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, வாங்கிவிட்டேன்.

புரட்டாசியில் வலி ஆரம்பித்தது. முதலில் வலது பக்கக் கழுத்தில் ஒரு இறுக்கம். தலையணை சரியில்லை என்று நினைத்தேன். தலையணையை எடுத்துவிட்டுப் படுத்தேன். தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போனேன். அவர் தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். கண்ணில் பூச்சி பறந்தது. அன்றிலிருந்து வலி தோளுக்கு இறங்கி, முழங்கை வழியாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வந்துவிட்டது. அந்த இரண்டு விரலும் மரத்துப் போகும். ஊசியைப் பிடிப்பது அந்த இரண்டு விரலால்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ரத்தம் கொடுக்க வந்தாள். அவள் கையில் மூன்று முறை குத்தினேன். மூன்று முறையும் தவறியது. மூன்றாவது தடவை ஊசி என் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "பரவாயில்லக்கா, மெதுவா எடுங்க" என்றாள் அந்தப் பெண். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று மாலை முதலாளி கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கவுன்டர்ல உக்காருங்க ஸ்டெல்லா, பில்லு போடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் பாத்ரூமில் போய் அழுதேன். கை போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். ஊருக்கெல்லாம் பரிசோதனை செய்கிறவள் நான். எனக்கு ஒரு ஸ்கேன் எடுக்கப் பயம். கழுத்தில் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். தெரியாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு முட்டாள்தனம்.

அந்த நேரத்தில்தான் அண்ணி அதைச் சொன்னார்கள். என் கணவரின் அக்கா, லூர்துமேரி. எங்கள் ஊர்க் கோயில் புனித செபஸ்தியார் கோயில். அவரை உங்களுக்குத் தெரியும். விசுவாசத்துக்காக மரத்தில் கட்டிவைத்து அம்பு எய்யப்பட்ட வேதசாட்சி. எங்கள் பீடத்தில் நிற்கிற சுரூபத்தில் நெஞ்சில், விலாவில், தொடையில் என்று ஐந்து அம்பு தைத்திருக்கும். என் கணவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக அவர்தான் பாதுகாவலர்.

அண்ணி என் வீட்டுக்கு வந்து, நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "அந்தப் புண்ணியவான் உடம்புல தச்சது என்னன்னு உனக்குத் தெரியாதா? நம்ம குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுட்டு நீ அதையே கையில புடிச்சுக்கிட்டுத் திரியுற. அவருக்கு எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாத்தியா?"

சிரித்துத் தள்ளியிருக்க வேண்டிய பேச்சு. என்னால் முடியவில்லை. வலியில் இருப்பவளுக்குக் காரணம் ஒன்று கிடைத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். அன்றிலிருந்து பூசையில் அந்தச் சுரூபத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கழுத்தும் நிமிரவில்லை, மனசும் நிமிரவில்லை. ஒன்பது நாள் நவநாள் சொன்னேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வில்லையே நேர்ச்சையாகக் கொடுத்துவிடுவது. இனிமேல் தொடுவதில்லை, கையை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று பேரம்.

தை மாதத் திருவிழாக் கொடியேற்றத்தன்று எல்லோரும் கோழி, தேங்காய், உப்பு, மிளகு என்று கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளை வரம் கிடைத்தவர்கள் தொட்டில் கொண்டுவந்தார்கள். நான் வில்லைக் கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் சாய்த்து வைத்தேன். நாணைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்து வலி போய்விட்டதா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போகவில்லை.

மறுநாளும் போகவில்லை. திருவிழாவின் அந்தப் பத்து நாளும் எனக்கு இருட்டு. வெளியே வேட்டு, பேண்டு வாத்தியம், சொந்தக்காரர்கள் கூட்டம். உள்ளே வில்லும் இல்லை, கையும் இல்லை. புடவைக்குப் பின் குத்த ஜெனியைக் கூப்பிட வேண்டியிருந்தது. சாதம் பிசைய ஸ்பூன் தேவைப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து அவர் போன் பண்ணினால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பரலோகத்தில் எனக்கு ஆளே இல்லை என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கோயிலில் ஒருவரும் இல்லை. அன்னதானத்துக்குப் போயிருந்தார்கள். நான் பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். மண்டியிடவில்லை. கோபம் அப்படி. "வில்லைக் கொடுத்துட்டேன். இன்னும் என்ன வேணும்? கை வேண்டாம், ஆண்டவரே, விடுங்க. இது தண்டனையா இல்லையா, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க. தண்டனைன்னா வாங்கிக்கிறேன். தெரியாம மட்டும் என்னைச் சாகடிக்காதீங்க." சத்தமாகவே சொன்னேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு செபத்தை நான் செய்ததில்லை. பதில் எதுவும் வரவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, நேர்ச்சைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். கோழிகள் போயின, ஆடு போயிற்று, தேங்காய்க் குவியல் போயிற்று. ஏலம் விட்ட கோயில் உபதேசியார் வில்லைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். "ஸ்டெல்லாம்மா வச்ச வில்லு! வயல்ல கொக்கு விரட்டலாம், எலி அடிக்கலாம், யார் கேக்குறீங்க?" கூட்டம் சிரித்தது. "உபதேசியாரே, நீங்களே வச்சுக்குங்க, கோயில் மணியில வௌவால் அடிக்கலாம்" என்று யாரோ கத்தினார்கள். மறுபடியும் சிரிப்பு. ஒருவரும் கேட்கவில்லை. நான் கொடுத்த பெரிய பொருளை ஆண்டவரும் வாங்கவில்லை, ஊரும் வாங்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது.

"நான் எடுத்துக்கிறேன்" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

விமலா. எங்கள் ஊர் மருமகள், பேராவூரணிப் பெண். தஞ்சாவூரில் பிசியோதெரபி செய்கிறவர், திருவிழாவுக்கு மட்டும் வருவார். காலேஜில் படிக்கும்போது வில் பழகியிருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. வில்லை வாங்கி ஓரமாகப் போய் நாணை இழுத்துப் பார்த்தார். பாதிகூட வரவில்லை. மெதுவாகத் தளர்த்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அக்கா, இதையா இழுத்தீங்க? எப்படி நிப்பீங்க, காட்டுங்க."

வில் இல்லாமல் கையை மட்டும் வைத்துக் காட்டினேன். அவர் என் பிடரியில் கையை வைத்தார். "ஏன்க்கா முகத்தைக் கொண்டுபோய் நாண்ல ஒட்டுறீங்க? நாண்தான் முகத்துக்கு வரணும். வில்லு கனம் அதிகம், கை வரலை, அதனால கழுத்தை நீட்டி அட்ஜஸ்ட் பண்ணியிருக்கீங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிற வேலை என்றேன். அவர் முகம் மாறியது. "விரல் மரத்துப் போகுதா?"

தலையை ஆட்டினேன். என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் தன் விரலைவிட்டு இழுத்தார். சுலபமாகப் பிரிந்துவிட்டது. "எத்தனை மாசமா இப்படி? யார்கிட்டயும் காட்டலையா?" என்று அதட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இது செபஸ்தியார் குடுத்த தண்டனை விமலா. காட்டி என்ன ஆகப் போகுது?" என்றேன்.

அவர் என் விரலை விடாமலே சொன்னார்: "யாருக்கா சொன்னா? அவர் அந்த அம்புல சாகவே இல்ல. செத்துட்டார்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு விதவைப் பொம்பளை அவரைத் தூக்கிட்டுப் போயி, காயத்துக்கு மருந்து போட்டுப் பிழைக்க வச்சாங்க. அப்புறமா வேற விதமாத்தான் கொன்னாங்க. அம்பு தச்ச அவரே வைத்தியம் பாத்துக்கிட்டார். நீங்க ஒரு ஸ்கேன் எடுக்க மாட்டீங்களா?"

இத்தனை வருடம் அந்தச் சுரூபத்துக்கு மாலை போட்டிருக்கிறேன். இந்தக் கதை எனக்குத் தெரியாது. நேற்று மத்தியானம் நான் கேட்ட கேள்விக்கு இன்று காலை ஏலத்து மைக் சத்தத்துக்கு நடுவில் பதில் வந்துவிட்டது. நான் நின்றபடியே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான்.

அந்த வாரமே ஸ்கேன் எடுத்தோம். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா விரல்ல பலம் திரும்புறது கஷ்டம்மா. இப்ப ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி பண்ணிப் பாப்போம்" என்றார்.

இங்கேயே கைதட்டிவிடாதீர்கள். அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் கொடுமை. கழுத்தில் பட்டை. வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் பஸ். தினமும் முகவாயை உள்ளே இழுத்து, பிடித்து, விட வேண்டும். காலையில் கொஞ்சம் குறைந்த வலி மாலையில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். பங்குனி முழுக்க ஒரு முன்னேற்றமும் இல்லை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடக்கும்போது, எனக்கு மட்டும் உயிர்ப்பு ஞாயிறு வராது என்று நினைத்தேன். செபம் சொல்ல ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனால் ஒன்று மட்டும் போய்விட்டது. பயம். செபஸ்தியார் என்மேல் கோபமாக இருக்கிறார் என்ற பயம் திரும்பி வரவே இல்லை. வலி இருந்தது, வலி மட்டும்தான் இருந்தது. அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வைகாசியில் ஒரு நாள் புடவைக்கு நானே பின் குத்தினேன். ஜெனி பார்த்துவிட்டுக் கத்தினாள். அன்றுதான் நன்றி என்ற வார்த்தை என் வாயில் வந்தது.

ஆனியில் முதலாளி, "ஊசி எடுத்துப் பாக்குறீங்களா?" என்றார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து என் கண் உயரத்துக்குத் தூக்கியும் கொடுத்தார். முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், வாசலில் அண்ணி நிற்கிறார்கள். வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

"சுகர் பாக்கணும்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள்.

அண்ணிக்கு நரம்பு மெலிசு. தேடினாலும் கிடைக்காது. "அண்ணி, வேற ஆள் இருக்காங்க, அவங்க எடுக்கட்டும்" என்றேன்.

"நீயே குத்து. எத்தனை தடவை வேணுமோ குத்து. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். அன்று பேசிய பேச்சுக்கு அவர்களால் கேட்க முடிந்த மன்னிப்பு அதுதான். எனக்குப் புரிந்தது.

கண்ணை மூடினேன். ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். கண்ணைத் திறந்து ஊசியை வைத்தேன். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அண்ணி அழுதார்கள், நானும் அழுதேன்.

என் ஆள்காட்டி விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அது அப்படியே இருந்துவிடும் என்கிறார் டாக்டர். இருக்கட்டும். நான் போட்ட பேரத்தைச் செபஸ்தியார் கேட்கவே இல்லை என்று இப்போது தெரியும்; அதனால் பழைய இருபது பவுண்டு வில்லில் ஞாயிறு சாயங்காலம் பத்து அம்பு விடுகிறேன், பத்துக்கு மேல் இல்லை. தலைக்கனம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று ஜெனி சொல்கிறாள்.

வலியோடு இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வலிக்கு யாராவது பாவக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டவரிடமே போய்க் கேளுங்கள். மண்டியிட முடியவில்லையா, நின்றுகொண்டு கேளுங்கள். கோபமாகக் கேளுங்கள். அவர் ஆள் அனுப்புவார். அந்த ஆள் டாக்டரிடம் போகச் சொன்னால் தயவுசெய்து போங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்கு டூட்டி. முதல் ஆளுக்கு ஊசி போடுமுன் எப்போதும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.